மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களா? நடப்பது என்ன?

சில வாரங்களுக்கு முன் கள்ளக்குறிச்சிப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பேசியவர் யாரென்று தெரியாது. வளர்ப்பு மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள், அதைச் சாப்பிடுகிற பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுகிறார்கள், ஆண்களுக்கு மலட்டுத்தன்மை வருகிறது, இதெல்லாம் ஹராம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேர் நம்மைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஹஜ்ரத், கட்லா ரோகு சாப்பிடலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

கொஞ்சம் தள்ளி, ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார் இன்னொரு சகோதரர். மீன்கடை வைத்திருப்பவர். கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனுக்குக் கொடுக்கக் காசில்லாத வீடுகளுக்கு ஏரி மீனும் அணை மீனும் விற்றே பிழைப்பவர். அந்தப் பதிவு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை பாதிச் சரக்கு அப்படியே கிடந்ததாகப் பிறகு சொன்னார்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிட நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு பொருளின் தன்மை தெரியாமல் அதன் மீது சட்டம் சொல்லக் கூடாது என்றுதான் மதரஸாவில் நமக்குக் கற்றுத் தந்தார்கள். நாம் பின்னர் கல்லூரியில் படித்ததும் கலைப் பிரிவுதான். மீனின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அங்கேயும் யாரும் சொல்லித் தரவில்லை. எனவே கொஞ்சம் படித்தோம், மீன்வளம் படித்தவர்களிடம் கேட்டோம், குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் ஒரு நாள் காலையில் போய் நின்று பார்த்தோம். தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹார்மோன் ஊசி என்பது பொய்யில்லை. உண்மையிலேயே போடுகிறார்கள். ஆனால் எந்த மீனுக்கு, எதற்காக, எத்தனை முறை என்பதில்தான் அந்தக் குரல் பதிவு தடம் புரண்டிருக்கிறது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் நல்ல மழை பிடித்தால் கோமுகி கலங்கி வரும். கச்சிராயபாளையம் அருகே மலையடிவாரத்தில் அணை கட்டித் தேக்கியிருக்கிறார்களே, அந்தக் கோமுகிதான். மலையில் ஓடைக்கரையில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "புதுத் தண்ணி வந்தா மீனு சும்மா இருக்காது பாய். எதுத்து ஏறும். வயிறு பூரா சினையா இருக்கும்." அவர் படிக்காதவர். ஆனால் மீன் இனப்பெருக்க அறிவியல் முழுவதும் தொடங்குகிற இடம் அவர் சொன்ன அந்த வாக்கியம்தான்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் நம் ஏரிகளில் இன்று அதிகம் வளர்க்கப்படுபவை. இவை வட இந்திய ஆறுகளின் பெருங்கெண்டைகள். கட்லா தெற்கே கோதாவரி வரைக்கும் உண்டு. காவிரிக்கே வெளியிலிருந்து கொண்டுவந்துதான் விட்டார்கள். இவற்றுக்கு ஒரு குணம். குளத்தில் விட்டால் நன்றாகத் தின்னும், நன்றாக வளரும், பெண் மீனின் வயிற்றில் சினையும் நிறையும். ஆனால் முட்டை மட்டும் இடாது. மழை கொட்டி, ஆறு பெருகி, ஓடும் வெள்ளம் கரை தாண்டி, கலங்கிய நீர் வயல்வெளிகளில் பரவி நிற்கும்போதுதான் இடும். தேங்கிய குளத்தில் அந்தச் சூழல் வராது. பருவம் கடந்ததும் சினை முழுவதும் உடம்பிலேயே கரைந்து போய்விடும்.

இதற்குக் காரணம் மீனின் தலைக்குள் இருக்கிறது. வெளிச்சம், வெப்பம், நீரோட்டம், மழை ஆகிய அடையாளங்களை மீனின் மூளை வாங்கிக்கொள்கிறது. காலம் கூடிவிட்டது என்று கண்டால் மூளையின் அடிப்பகுதி ஒரு தூது ஹார்மோனை அனுப்புகிறது. அதைப் பெற்றுக்கொள்வது மூளைக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி என்ற சின்னஞ்சிறு சுரப்பி. அது இரண்டாவது ஹார்மோன் ஒன்றை இரத்தத்தில் விடுகிறது. அது சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்ததும் முட்டைகள் கடைசிக் கட்டமாக முதிர்ந்து வெளியே வருகின்றன. குளத்து மீனுக்கு இந்தச் சங்கிலியில் எல்லாக் கண்ணியும் இருக்கின்றன. முதல் கட்டளை மட்டும் வருவதில்லை. போதாக்குறைக்கு, டோபமைன் என்ற மற்றொரு வேதிப்பொருள் பிட்யூட்டரியைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. வண்டி தயார், டிரைவர் ஏறவில்லை, பிரேக்கும் போட்டபடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் விளைவு என்னவென்றால், இந்தியாவில் 1950-கள் வரை மீன் வளர்க்க விரும்பியவர்கள் ஆற்றைத்தான் நம்பியிருந்தார்கள். மழைக்காலத்தில் கங்கைச் சமவெளி ஆறுகளில் மெல்லிய வலை கட்டி, வெள்ளத்தோடு வரும் முட்டையையும் குஞ்சையும் பிடித்து விற்பார்கள். அதில் கட்லா எவ்வளவு, ரோகு எவ்வளவு, மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும் வாளை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குஞ்சில் இனம் பிரிப்பது எப்படி? வாங்கிப் போய்க் குளத்தில் விட்டு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் வாங்கியது என்னவென்று தெரியும்.

பிட்யூட்டரியை எடுத்து வேறு மீனுக்குச் செலுத்தினால் என்ன ஆகும் என்ற எண்ணம் முதலில் தென் அமெரிக்காவில் பிறந்தது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே 1930-ல் இதைச் செய்து பார்த்தார்; பின்னாளில் வேறொரு பிட்யூட்டரி ஆய்வுக்காக 1947-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அடுத்துப் பிரேசிலில் வான் இஹெரிங் இந்த வழியில் மீன்களை முட்டையிட வைத்தார். நம் நாட்டில் 1930-களின் பிற்பகுதியில் ஹமீத் கான் என்பவர் பாலூட்டி விலங்குகளின் பிட்யூட்டரியை மிர்கால் மீனுக்குச் செலுத்திப் பார்த்தார். பண்ணைகள் எடுத்துப் பயன்படுத்தும் முறையாக அது வளரவில்லை.

அதை வளர்த்தவர்கள் இருவர்: ஹீராலால் சௌத்ரி, கே. எச். அலிகுஞ்சி. சௌத்ரி 1955-ல் ஒரு சிறிய கெண்டையில் வெற்றி கண்டார். பிறகு கட்டாக்கில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வுப் பிரிவில் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 1957 ஜூலை 10-ஆம் நாள், ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில், குளத்து நீரில் வைத்தே பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்துவிட்டார்கள். இன்றும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நமது பிள்ளைகளுக்கு விண்வெளி விஞ்ஞானிகளின் பெயர்கள் தெரிகின்றன, மகிழ்ச்சி. ஏழை வீட்டுச் சட்டியில் மீன் விழக் காரணமான அலிகுஞ்சியின் பெயரை நமது மேடைகளில் நாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவர்கள் செய்த முறை எளிமையானது. சந்தையில் வெட்டிய மீன் தலைகளிலிருந்து பிட்யூட்டரியை எடுத்துச் சுத்தமான ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். தேவைப்படும்போது எடை பார்த்து, அரைத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, தெளிவை எடுத்து ஊசியில் ஏற்றுவார்கள். பெண் மீனுக்கு இரண்டு தடவை, சுமார் ஆறு மணி நேர இடைவெளியில். முதல் ஊசியில் கிலோ எடைக்கு 2 அல்லது 3 மில்லிகிராம், இரண்டாவதில் 5 முதல் 8 மில்லிகிராம். ஆண் மீனுக்கு ஒரே ஊசி. இரண்டாவது ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஆண் மீன் பெண்ணைத் துரத்தத் தொடங்கும். பெண் முட்டையை நீரில் விடும், ஆண் அதன் மீது விந்தை விடும். கருவுறுதல் நடப்பது மீனின் உடலுக்கு வெளியே, தண்ணீரில். கிலோ எடைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் முட்டைகள்.

இப்போது தலையைப் பிளக்க வேண்டியதில்லை. மூளை அனுப்பும் தூது ஹார்மோன் எப்படிப்பட்டது என்பதைக் கண்டறிந்த ரோஜர் கியமின், ஆண்ட்ரூ ஷாலி ஆகியோருக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே போன்ற ஒன்றை ஆய்வகத்தில் செய்து, டோபமைனின் பிடியைத் தளர்த்தும் மருந்தையும் கூடச் சேர்த்தால் ஒரே ஊசியில் வேலை முடியும் என்று கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் சீனாவின் லின் ஹாவோரனும் 1980-களில் காட்டினார்கள். ஓவாப்ரிம், ஓவாடைட், வோவா எஃப்எச் என்ற பெயர்களில் கடையில் கிடைக்கும் மருந்துகள் இந்த வழியில் வந்தவை. ஓவாப்ரிமில் டோபமைனைத் தடுக்கச் சேர்க்கப்படுவது டோம்பெரிடோன். பெயர் எங்கோ கேட்டது போல் இருக்கிறதா? வாந்தி வந்தால் நமக்கு டாக்டர் எழுதித் தருவாரே, அதே மாத்திரையின் மருந்துதான்.

நாம் போன குஞ்சு பொரிப்பகத்தில் பார்த்தது இது. வட்டமான சிமெண்ட் தொட்டி. சீன முறை என்கிறார்கள். குழாய்கள் சாய்வாக நீரைப் பாய்ச்சுவதால் தொட்டிக்குள் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மீனுக்கு அது ஆறு. முந்தைய நாள் மாலை ஊசி போட்ட சினைமீன்கள் விடியற்காலையில் முட்டையிட்டிருந்தன. நீரில் ஊறிப் பெருத்த முட்டைகள் ஜவ்வரிசி போல, ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிவாக, சுழன்றுகொண்டிருந்தன. "மத்தியானம் தாண்டிப் பாருங்க, உள்ள வால் ஆடும்" என்றார் அங்கே வேலை செய்யும் இளைஞர். முட்டையிட்டதிலிருந்து சுமார் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்துவிடுமாம். பொரித்த குஞ்சு மூன்று நாள் தன் வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவை உண்டே வாழும். அல்லாஹ்வின் ஏற்பாடு! அதன் பிறகே இரை கேட்கும்.

ஊசி வாங்கிய தாய் மீன்கள் ஒரு பக்கக் குளத்துக்குத் திரும்பப் போய்விட்டன. அடுத்த பருவத்துக்கு அவை வேண்டும்.

இப்போது குரல் பதிவுக்கு வருவோம். நாம் சந்தையில் வாங்கும் கட்லா ஊசி போடப்பட்ட மீன் அல்ல. ஊசி போடப்பட்ட மீனின் பிள்ளை. முட்டையிலிருந்து வெளிவந்து, குஞ்சாகி, விரலளவாகி, ஏரியில் விடப்பட்டு, பத்துப் பன்னிரண்டு மாதம் வளர்ந்து ஒரு கிலோவை எட்டிய மீன். தாய்க்கு ஒரு பருவத்தில் போட்ட அரை மில்லி, ஒரு மில்லி மருந்து லட்சக்கணக்கான முட்டைகளைத் தாண்டி, ஓராண்டு கடந்து நம் தட்டுக்கு வர வழியே இல்லை. தூது ஹார்மோன் என்பது புரதத் துண்டு. உடலுக்குள் வேகமாகச் சிதைந்துவிடும். அதை ஒருவர் வாயால் விழுங்கினாலும் பருப்பைப் போலச் செரித்துவிடும். அதனால்தான் ஊசியாகப் போடுகிறார்கள்.

ஊசி போட்ட தாய் மீனையே அன்றைக்குப் பிடித்துத் தின்றால்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு கிலோ மீனுக்குக் கிலோவுக்கு அரை மில்லி வீதம் 2 மில்லி. ஓவாப்ரிமில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் டோம்பெரிடோன், ஆக மொத்தம் 20. நாம் விழுங்கும் மாத்திரை இரண்டில் இருக்கும் அளவு, அதுவும் மீன் முழுவதிலும். இருந்தாலும் அப்படி உடனே விற்பது முறையல்ல. லாபமும் இல்லை, சினைமீன் பண்ணைக்காரருக்குத் தங்க முட்டை இடும் வாத்து.

"ஊத வைக்க ஊசி" என்ற பேச்சுக்கு இன்னும் எளிய பதில் உண்டு. ஒரு ஏக்கர் குளத்தில் நான்காயிரம் மீன் வரை விடுகிறார்கள். ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட்டு விட ஆள் கூலி என்ன ஆகும்? பிடித்ததில் செதில் உரிந்து சாகும் மீன் எத்தனை? இந்தத் தொழிலில் அது நடக்காத காரியம். பெண் குழந்தைகள் சீக்கிரம் பருவமடைவதைப் பற்றிய கவலை நியாயமானதுதான். அதற்கு உடல் பருமன் உட்படப் பல காரணங்களை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கவலையை ஏரி மீனின் தலையில் கட்டி, பிள்ளைகளின் தட்டிலிருந்து மலிவான புரதத்தை எடுத்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. நாட்டில் 2022-23-ல் கிடைத்த சுமார் 175 லட்சம் டன் மீனில் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு கெண்டை. ஊசியால் பிறந்த குஞ்சுகள் இல்லையென்றால் இது சாத்தியமே இல்லை.

இத்தோடு முடித்துவிட்டால் மீன்கடைக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் முழு உண்மை அதுவல்ல. ஜிலேபி மீனின் கதை வேறு.

திலேப்பியா என்ற ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. கட்லாவுக்கு நேர் எதிர் குணம். கட்லா குளத்தில் முட்டையிடாது. இது இடுவதை நிறுத்தாது. மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாத்து, குளம் முழுவதும் விரலளவுக் குஞ்சாக நிறைத்துவிடும். இரை எல்லாவற்றுக்கும் பங்காகிப் போவதால் ஒன்றும் பெரிதாகாது. அடைகாக்கும் பெண் சரியாகத் தின்பதும் இல்லை. ஆண் மட்டுமே இருந்தால் குளம் நிரம்பாது, மீனும் வேகமாக வளரும். எனவே குஞ்சு எல்லாவற்றையும் ஆணாக்கும் வழியைத் தேடினார்கள்.

மீன் பிறந்தவுடன் அதன் பாலினம் உறுதியாகிவிடுவதில்லை. முதல் சில வாரங்கள் இரு பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருக்கும். அந்த நாட்களில் 17-ஆல்ஃபா மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம், 21 முதல் 28 நாள் வரை. மரபால் பெண்ணாக இருக்க வேண்டிய குஞ்சும் உடலால் ஆணாகிவிடும். சரியாகச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்.

இது ஊசி ஹார்மோன் போல் அல்ல. வாய் வழியாக உடலில் சேரும். நாம் உண்ணும் மீனுக்கே கொடுக்கப்படுகிறது. எனவே இங்கே கேள்வி கேட்பது தவறில்லை. பதில் என்ன? கொடுக்கப்படும்போது குஞ்சின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. சந்தைக்கு வரும்போது ஐநூறு கிராம். இடையில் ஐந்தாறு மாதம் ஹார்மோன் இல்லாத தீவனம். நிறுத்தியபின் அந்த மருந்து மீன் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தின்பவருக்கு அச்சம் வேண்டியதில்லை என்றே நாம் விளங்கிக்கொண்டோம்.

ஆனால் தின்பவர் மட்டும்தான் மனிதரா? அந்த மருந்தை ஆல்கஹாலில் கரைத்துத் தீவனத்தில் தெளித்துக் கையால் பிசைபவர் யார்? கையுறையும் முகமூடியும் இல்லாமல் அதைச் செய்தால் ஹார்மோன் அவர் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும். கருவுற்ற பெண்கள் அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது. குஞ்சுகள் தின்றது போக மிஞ்சிய தீவனம் தொட்டி அடியில் படிகிறது. அந்த நீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டால் கீழே வாழும் நாட்டுக் கெண்டைக்கும் அயிரைக்கும் என்ன ஆகும்? கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுக்தாவும் பல ஊர்களின் பாசனமும் குடிநீருமாக இருந்து கடைசியில் வெள்ளாற்றில் சேர்கின்றன. மலையடிவாரத்தில் ஒருவர் திறந்துவிடும் நீர் அவரோடு நின்றுவிடாது. குரல் பதிவு போட்டவர் இதைப் பேசியிருந்தால் நாமும் பகிர்ந்திருப்போம்.

ஹார்மோன் தீவனம் இல்லாமலே ஆண் குஞ்சு பெறும் வழியும் உண்டு. தாய்-தந்தை தலைமுறையில் மட்டும் ஹார்மோனைப் பயன்படுத்திச் சில தலைமுறைத் தேர்வில் ஒய்-ஒய் என்ற 'சூப்பர் ஆண்' மீனை உருவாக்குகிறார்கள். அதன் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாமே ஆண். அவை ஹார்மோனைத் தொட்டதே கிடையாது. 1990-களில் பிலிப்பைன்ஸில் கிரகாம் மெயர் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். காலமும் பொறுமையும் கேட்கும் வழி என்பதால் எங்கும் பரவவில்லை.

இனி மார்க்கத்தின் பார்வை. மீன் ஹலால் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. மற்றக் கடல் உயிரினங்களில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் வேறுபடுவார்கள்; மீனில் இல்லை. பிட்யூட்டரி மீனிலிருந்தே எடுக்கப்படுகிறது, மீன் தூய்மையானது, எனவே அதில் சிக்கலில்லை. ஆய்வகத்தில் செய்யப்பட்ட ஹார்மோனிலும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. சில பண்ணைகளில் எச்சிஜி என்ற ஹார்மோனும் பயன்படுகிறது. அது கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. சிறுநீர் நஜிஸ். பிரித்துத் தூய்மையாக்கிய பிறகு அது பழைய பொருள்தானா, உருமாறிய புதிய பொருளா என்பது ஃபிக்ஹில் 'இஸ்திஹாலா' என்ற பழைய விவாதம். இமாம்களிடையே வேறுபாடு உண்டு. எப்படிப் பார்த்தாலும் அது சேர்ந்தது தாய் மீனின் உடலில். நாம் உண்பது ஓராண்டுக்குப் பின் வளர்ந்த அதன் குஞ்சை. அந்தக் குஞ்சை ஹராம் என்று சொல்ல நமக்கு ஆதாரம் தெரியவில்லை. இது நமது விளக்கமே. ஃபத்வா வேண்டுவோர் முஃப்திகளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஊசி பற்றியதல்ல, தீவனம் பற்றியது. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணியை 'ஜல்லாலா' என்கிறோம். தெருவில் மேய்ந்த கோழியை மூன்று நாள் அடைத்து வைத்து நல்ல தீனி கொடுத்த பிறகு அறுக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. அழுகிய கோழிக் கழிவைக் கொட்டி ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கும் குட்டைகள் தமிழ்நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன; அந்த மீனுக்கு அரசுத் தடையும் இருக்கிறது. ஊசியைக் கண்டு பதறுபவர்கள் இதைக் கண்டு பதறியிருக்க வேண்டும்.

கடைசியாக, நமது ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரரின் இழப்பு. மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் நிலத்தில் குளம் வெட்டி, கடன் வாங்கி, வெளி மாவட்டத் தனியார் பண்ணை ஒன்றிலிருந்து "முழுக்க ஆண்" என்று சொல்லித் தந்த ஜிலேபிக் குஞ்சுகளை விட்டார். நான்காம் மாதம் வலை போட்டபோது உள்ளங்கை அளவு மீன்களோடு நூற்றுக்கணக்கில் பொடிக் குஞ்சுகள். ஆண் மட்டும் இருக்கும் குளத்தில் குஞ்சு எங்கிருந்து வரும்? ஹார்மோன் தீவனத்தை நாள் குறைத்துக் கொடுத்தார்களா, கொடுக்கவே இல்லையா, அல்லாஹ்வே அறிவான். போன் செய்தால் "உங்க தண்ணி சரியில்ல பாய்" என்று பதில். ரசீது இல்லை. தீவனக் கடன் மட்டும் மிஞ்சியது.

குஞ்சு வாங்குவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கெண்டையிலும் இது உண்டு. ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் சேர்த்து ஊசி போட்டு விட்டால் இரண்டும் கலந்து கலப்பினக் குஞ்சு வரும், பார்த்தால் தெரியாது. அதே நாலைந்து சினைமீன்களையே ஆண்டுதோறும் பயன்படுத்தினால் அண்ணன் தங்கை உறவில் குஞ்சுகள் பிறந்து வளர்ச்சி குன்றும். கர்நாடகக் குஞ்சு பொரிப்பகங்களில் இப்படி நடந்ததை 1990-லேயே ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஊசி கையில் இருப்பதால் ஆற்றுக்குப் போய்ப் புதுச் சினைமீன் கொண்டுவரும் தேவை இல்லை என்ற சோம்பல்தான் காரணம். புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வேயுடன் சேர்ந்து, வெவ்வேறு ஆறுகளின் ரோகுவைக் கொண்டு தேர்வு முறையில் உருவாக்கிய ஜெயந்தி ரோகு இதற்கு மாற்று. ஜிலேபியில் அரசு அனுமதித்திருப்பது கிஃப்ட் இனம். அதையும் பதிவு பெற்ற பொரிப்பகத்திலிருந்துதான் வாங்க வேண்டும், வளர்ப்பவரும் மீன்வளத் துறையில் அனுமதி பெற வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. நமது பகுதிக்காரர்கள் போய் வரக்கூடிய தூரம்தான். போனால் சினைமீன் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஹார்மோன் தீவனம் கொடுத்தீர்கள், ரசீதில் இனத்தை எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

அந்தச் சகோதரர் இம்முறை ஜிலேபியை விட்டுவிட்டுக் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் மாறிவிட்டார். குஞ்சு எடுக்கப் போனபோது நம்மையும் கூட அழைத்துப் போனார். ஆக்ஸிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளை வெயில் ஏறுமுன் கொண்டுவந்து சேர்த்தோம். உடனே அவிழ்த்துக் கொட்டப் போன நம் கையைப் பிடித்துத் தடுத்தார். பையைக் கட்டியபடியே குளத்தில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, இரண்டு நீரின் சூடும் ஒன்றான பிறகு வாயைத் திறந்து, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். குஞ்சுகள் தாமாகவே வெளியே நீந்திப் போயின. ரசீதை மடித்துத் தொப்பிக்குள் வைத்திருந்தார்.